மடையடி வயலில் ஊன்றிய விரல்

பழம் கழன்று வரவில்லை.

தையல்நாயகி இழுத்தாள், திருகினாள், முந்தானையை ஆற்றுத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் பிழிந்து ஊறவிட்டும் பார்த்தாள். அம்மாவின் வலது கை நடுவிரலில் செருகியிருந்த எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்து விரலோடு ஒட்டிப் போயிருந்தது. பழத்துக்கும் சதைக்கும் நடுவிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. மேலாக அடித்தது புளித்த எலுமிச்சை வாடை. அதற்கு அடியில் வேறொன்று, வாய்க்கால் வற்றும்போது சேற்றுக்குள் செத்துக் கிடக்கும் நத்தைகளிலிருந்து வருமே, அந்த மாதிரி.

"வுடுடி. சும்மா போட்டு இழுக்காத" என்றாள் அம்சம்.

அந்தக் குரலில் வலியே இல்லை. அதுதான் தையல்நாயகிக்குப் பயமாக இருந்தது.

வலங்கைமானுக்குப் பாதி வழியில், குடமுருட்டிக் கரையில் இருந்த மதகுக் கட்டைமேல் அம்மாவை உட்கார வைத்திருந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆற்றில் புதுத்தண்ணீர் காவி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அம்மாவின் உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. புறங்கை வீங்கி, நடுவிரல் கொக்கிபோல வளைந்து நின்றது. முன்கையின் உட்பக்கம் மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி முழங்கையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. காலையில் அது இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது வளையலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

"எந்திரிம்மா. கோடு ஏறுது."

"ஏறட்டும். செத்த உக்காரு. அலுப்பா இருக்கு."

அப்பா காணாமல் போனதிலிருந்து அம்மா சொல்வதெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான். சோறு வேண்டாம், அலுப்பா இருக்கு. அழுவதற்கும் அலுப்பா இருக்கு.

அப்பா இராஜாங்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். மடையடி வயல் என்று எல்லோரும் சொல்லும் நிலம் பண்ணையார் நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து தன் சமையற்காரன் பெயரில் எழுதி வைத்தது என்று சங்கம் சொன்னது. தரிசாகக் கிடந்த அந்த நிலத்தில் ஒரு நாள் சாயங்காலம் அப்பாதான் செங்கொடியை ஊன்றினார். கொடிக்குக் காவலாகப் படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. விடிந்தபோது கொடியும் இல்லை. பண்ணை டிராக்டர் மடையடியைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. கேஸுக்குப் பயந்து தலைமறைவாகிவிட்டார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அவர் வந்து சேரும்வரை பண்ணை வயலில் யாரும் இறங்கக் கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. தெருவே கட்டுப்பட்டது. பண்ணைக் காரியக்காரர் சாமிதுரை வெளியூரிலிருந்து நடவாட்களைக் கூட்டி வந்தார்.

அவர்களோடு நின்று மடையடியில் நாற்று நட்டது அம்மா. தெருவிலேயே அம்மா ஒருத்திதான்.

அன்றைக்குத்தான் நண்டு கடித்தது என்று அம்மா விரலைப் பொத்திக்கொண்டு வந்தாள். நகச்சுத்தி வரும் என்று தானே பழத்தைக் குடைந்து, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துச் செருகிக்கொண்டாள். தையல்நாயகி விரலைக் கேட்டபோதெல்லாம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

*

"எவ்வளவு நாளா இதுக்குள்ள வச்சிருக்கே?"

மீரா உசேன் டாக்டர் கத்தரிக்கோலால் பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே கேட்டார். வலங்கைமான் கடைத்தெருவில் ஒரே அறைதான் அவருடைய வைத்தியசாலை. டிங்சர் வாடை, கொதிக்கிற தண்ணீரில் ஊசிகள் குலுங்கும் சத்தம், எதிரே டீக்கடையில் இருவண்ணக் கொடிக்குக் கீழே ரேடியோ யாருக்கோ செய்தி சொல்லிக்கொண்டிருந்தது.

"நகச்சுத்திங்கய்யா" என்றாள் அம்சம். "நண்டு கடிச்சிது. அதுலேர்ந்து."

"நகச்சுத்திக்குப் பழம் வைக்கலாம்னு எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ. உள்ள நடக்குறது வெளிய தெரியக் கூடாதுன்னா இதைவிட நல்ல மூடி கெடையாது. விரலை நீட்டு."

"முடியலைங்க."

அவர் விரல் நுனியைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல நிமிர்த்தினார். அம்மாவின் உடம்பு பெஞ்சிலிருந்து எழும்பியது. தொண்டையிலிருந்து வந்த சத்தம் அம்மாவுடையதுபோலவே இல்லை. அவர் விரலின் அடிப்பக்கமாக உள்ளங்கைவரை தொட்டுக்கொண்டே வந்தார். தொட்ட இடமெல்லாம் துடித்தாள்.

"பாத்தியா பாப்பா?" டாக்டர் தையல்நாயகியிடம் சொன்னார். நாள் முழுக்கப் பேசி ஓய்ந்துபோன குரல். "நகச்சுத்தின்னா நகத்தோட நிக்கும். இது முழு விரலும் ஒரே கனத்துக்கு வீங்கிருக்கு. மடக்கியே வச்சிருக்கா. நீட்டுனா உசிரு போகுது. விரலை மடக்குற நாரு ஒரு உறைக்குள்ள ஓடுது, அதுல சீழ் எறங்கிருச்சு. இன்னிக்கே கீறணும். நாளைக்குன்னா விரல் போகும், அதுக்கு அடுத்த நாள்னா கையி."

"கீறுங்கய்யா" என்றாள் தையல்நாயகி. அம்மாவுக்கு அந்தக் கைதான் சோறு. தனக்கு அம்மாவைத் தவிர யாரும் இல்லை. "எப்படியாச்சும் கையைக் காப்பாத்துங்க."

பழத்தின் கடைசித் துண்டு தட்டில் விழுந்தது. ஊறி வெளுத்த விரல் நுனியை டாக்டர் பஞ்சால் துடைத்தார். துடைத்த கை நின்றது. விரலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மறுபடியும் இந்தப் பக்கம் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"யாரு கடிச்சது?"

"நண்டுங்கய்யா."

"நண்டு கொடுக்கால கிள்ளும். இது மேலயும் கீழயும் வரிசையா இருக்கு. பல்லு. மனுசப் பல்லு." அவர் குரலை உயர்த்தவில்லை. "உன்னைத் திட்டலைம்மா. மனுசக் கடி நாய்க்கடியைவிட மோசம், வாயில அவ்வளவு அழுக்கு. அதை நண்டுன்னு சொல்லி மூடி வச்சா வைத்தியம் தப்பாப் போயிரும். அதான் கேக்குறேன். நகத்துக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு, பாரு. தெரியாமப் பட்டது இல்ல. கடிச்சு அப்படியே புடிச்சிருக்காங்க." தையல்நாயகி பக்கம் திரும்பி, "நீ கடிச்சியா?" என்றார்.

"இல்லீங்க!"

"அப்பன் குடிப்பானா?"

 தையல்நாயகி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தின் பக்கம் மேல்வரிசைப் பற்கள் பதிந்த சின்னச் சின்ன வெட்டுகள். வரிசையின் நடுவில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அங்கே தோல் கிழியவில்லை. அங்கே பல் இல்லை.

போன வருஷம் களத்து மேட்டில் சாமிதுரை தடியால் அடித்ததில் அப்பாவுக்கு மேல் முன்பல் போனது. அந்த ஓட்டை வழியாகத்தான் சீட்டியடித்துக்கொண்டு தெருமுனையில் வருவார்.

அம்மா தன்னைப் பார்ப்பது தெரிந்தது. தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. பார்த்தாள். அவ்வளவுதான்.

"அப்பா ஊர்ல இல்லீங்க" என்றாள் தையல்நாயகி.

டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு, விரலின் பக்கவாட்டில் கீறினார். உள்ளங்கையில் இன்னொரு கீறல். சீழ் தட்டில் இறங்கியது, சாம்பலும் பச்சையுமாக. உப்புத்தண்ணீரைப் பீச்சிப் பீச்சிக் கழுவினார். தையல் போடவில்லை, கடிபட்ட புண்ணை மூடினால் உள்ளேயே வெந்துவிடும் என்று துணித்திரியைச் செருகித் தளர்வாகக் கட்டினார். பென்சிலின் ஒத்துக்கொள்கிறதா என்று தோலில் கொஞ்சம் குத்திப் பார்த்துவிட்டு, இடுப்பில் ஊசி போட்டார். கடைசியாக மைப்பேனாவை எடுத்துச் சிவப்புக் கோடு நின்ற இடத்தில், முழங்கைக்குக் கீழே, குறுக்காக ஒரு கோடு கிழித்தார்.

"கையைத் தொங்கப் போடவே கூடாது. விட்டத்துல கயிறு கட்டித் தூக்கியே வையி. சேத்துல, தண்ணில படக் கூடாது. காலையில இங்க இருக்கணும். அதுக்குள்ள செவப்பு இந்த மைக்கு மேல போச்சுன்னா என்கிட்ட வராத, நேரா தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. புரியுதா?"

"புரியுதுங்க."

"கடிச்ச ஆளையும் கூட்டிட்டு வா. அவன் வாயையும் பாக்கணும்."

அம்மா சிரித்தாள். அப்பா போனதற்குப் பிறகு முதல் தடவையாக.

*

வீடு வந்து சேர்ந்தபோது தூறல் போட்டது. பழைய சேலையைக் கிழித்து விட்டத்தில் மாட்டி, தூளி மாதிரி ஒரு வளையம் போட்டு, அதில் அம்மாவின் கையைத் தூக்கி வைத்தாள் தையல்நாயகி. சிம்னி விளக்கின் வெளிச்சத்தில் வெள்ளைக் கட்டுப் போட்ட கை அந்தரத்தில் நின்றது. அதன் நிழல் கூரையின் உட்பக்கம் ஓலைகளில் மடங்கி, ஐந்து விரலும் ஒன்றாகச் சேர்ந்து, ஏதோ ஒன்றின் தலை மாதிரித் தெரிந்தது. விளக்கு ஆடும்போதெல்லாம் அது வாயைத் திறந்தது.

விளக்கை இடம் மாற்றி வைத்தாள்.

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பக்கத்து வீட்டு ராமாயி. அம்மா மடையடியில் இறங்கிய நாளிலிருந்து இந்த வாசலை மிதிக்காதவள். கையில் கஞ்சிச் சட்டி.

"என்னடி, கருங்காலிக்குக் கை அழுவிப்போச்சாமே?"

"அக்கா, சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ண மூடுனுச்சு."

"போடுவேன். ஊரே பட்டினி கெடக்கு இவ புருசனுக்காவ. இவ என்னடான்னா அவங்க வயல்ல போயி குனியுறா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா." சட்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். தொங்கும் கையைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இதென்னடி, தூக்குல போட்ட மாதிரி? இந்தா, சூடா இருக்கு, ஊத்திக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத. சங்கத்துல கேட்டா எனக்குத்தான் வம்பு."

அவள் போன பிறகு மழைச் சத்தம் மட்டும். கஞ்சியை அம்மா இரண்டு வாய் குடித்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. சிவப்புக் கோடு மைக்கோட்டைத் தாண்டவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிக்கொண்டு வருகிற மாதிரிகூட இருந்தது. ஊசி கேட்கிறது. கை பிழைத்துவிடும். தையல்நாயகிக்கு நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது. தளர்ந்த அந்த இடத்தில்தான் கேள்வி வந்து உட்கார்ந்தது.

"அம்மா. அப்பாவா?"

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். 

"டிராக்டர் ஓட்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள் பிறகு. "தண்ணி ஒழுங்கா ஏறாத நெலத்த எவனாச்சும் விடியங்காட்டி ஓட்டுவானா? உங்கப்பாவ எங்கயோ உள்ள வச்சிருக்கான். எங்கன்னு தெரியணும். தேடிப் பாக்க வுடுவானா? நடவுன்னா வுடுவான். ஒவ்வொரு நாத்துக்கும் வெரல உள்ள வுட்டுத்தான ஆவணும். ஒரு எடம் வுடாம தடவிக்கிட்டே பின்னால வந்தேன்."

தையல்நாயகி அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கருங்காலி, கருங்காலி என்று தெருக் குழந்தைகள் கத்தியபோது அவளும் அம்மாவை மனதுக்குள் அப்படித்தான் கூப்பிட்டிருந்தாள்.

"சேறு பூரா சில்லுனு இருந்துச்சு. ஒரு எடத்துல மட்டும் வெதுவெதுன்னு. நாத்தை ஊனிட்டு வெரல எடுத்துட்டேன். அப்பறம் மனசு கேக்கல. திரும்ப வச்சேன். ஒதடு மாதிரி இருந்துச்சு." அம்மா மூச்சு வாங்கினாள். "ரெண்டாந் தடவ நானாத்தான் வச்சேன்டி. அவரு மேல குத்தம் இல்ல."

"செத்துப்போனவங்க எப்படிம்மா கடிப்பாங்க?"

"கடிச்சாரு. வுடல. பக்கத்துல வெளியூர்க்காரிங்க பாட்டுப் பாடிக்கிட்டு நடுறாளுவ. நான் குனிஞ்சபடியே நிக்கிறேன். உள்ள இழுக்குறாரு. மணிக்கட்டு வரைக்கும் போயிருச்சு. கத்துனா எல்லாரும் வந்துருவாங்க. அதனால மெதுவா சொன்னேன். புள்ள வூட்டுல தனியா இருக்கு, நானும் வந்துட்டா அதுக்கு யாருன்னு. அப்பத்தான் வுட்டாரு."

மழை நின்றிருந்தது. ஓலையிலிருந்து சொட்டும் சத்தம்.

"சங்கத்துல சொல்லுவோம்மா. தோண்டச் சொல்லுவோம்."

"வேணாம்." அம்மாவின் இடது கை தையல்நாயகியின் கணுக்காலைப் பிடித்தது. "தோண்டுனா செத்துருவாரு."

"அம்மா..."

"தோண்டுனா பொணம்னு எழுதுவான். இப்ப வாய் இருக்கு. புரியுதா? பசியா இருக்காரு, அவ்வளவுதான். அலுப்பா இருக்கு, தூங்கு."

தையல்நாயகி தூங்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். மைக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குக் கீழே சிவப்பு மங்கி மங்கி, பழைய கீறல் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

*

வெளிச்சம் கண்ணில் பட்டு விழித்தாள். விட்டத்திலிருந்து சேலை வளையம் காலியாகத் தொங்கியது. மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பாயைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. காய்ச்சல் விட்ட வியர்வை.

வெளியே ஓடினாள். தெருவில் யாரும் எழுந்திருக்கவில்லை. கிழக்கே வானம் வெளுத்து, வாய்க்கால் தண்ணீர் மட்டும் தனியாகப் பளபளத்தது. வரப்பில் மழை ஈரம், கால் வழுக்கியது, விழுந்து எழுந்தாள். காலையில் டாக்டரிடம் இருக்க வேண்டும். அது மட்டும்தான் மனதில் ஓடியது. காலையில் டாக்டரிடம் இருக்க வேண்டும். சேற்றில் படக் கூடாது.

மடையடி வயல். இளநாற்று இன்னும் வேர் பிடிக்காமல் தலை சாய்ந்து நின்றது. தவளைகள் கத்தவில்லை. கொக்கு ஒன்றும் இறங்கவில்லை.

வயலின் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டு.

கட்டுப் போட்ட கை வானத்தைப் பார்த்து நேராக நின்றது. டாக்டர் சொன்னபடியே. தூக்கி. ஈரம் படாமல். அதற்குக் கீழே அம்மா முழங்காலிட்டுக் குனிந்திருந்தாள். கன்னம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கை தெரியவில்லை. தோள்வரை சேற்றுக்குள் இருந்தது.

அம்மாவின் உதடு அசைந்தது. யாரிடமோ மெதுவாக, சமாதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். தோளைச் சுற்றித் தண்ணீர் குமிழ் விட்டது. நின்றது. மறுபடி விட்டது.

தையல்நாயகி வயலுக்குள் இறங்கினாள். சேறு முழங்காலைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

"அம்மா!"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தைத் தையல்நாயகி எந்த நாளும் பார்த்ததில்லை.

"ஏன்டி வந்த?" கத்தவில்லை. காற்று மாதிரிதான் வந்தது. "வாயத் தொறக்காத. போ. நீ வூட்டுல தனியா இருக்கேன்னு இப்பத்தான்டி சொல்லிக்கிட்டு இருக்கேன்."

குமிழ் நின்றது.

தண்ணீர் முழுக்க அசையாமல் நின்றது. காது கொடுத்துக் கேட்பதுபோல.

பிறகு அம்மாவின் தோள் இறங்கியது. ஒரே இழுப்பு. கழுத்துவரை. தையல்நாயகி பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். இழுத்தாள். சேறு திருப்பி இழுத்தது. வெள்ளைக் கட்டுப் போட்ட கை மட்டும் மேலே, விறைத்து, நனையாமல்.

"சொல்லும்மா! அப்பாகிட்ட சொல்லு!"

 அம்மாவின் வாய் தண்ணீருக்குள் போயிருந்தது. கண் மட்டும் மகளையே பார்த்தது.

காலை மாற்றி ஊன்றினாள் தையல்நாயகி. உள்ளங்காலுக்கு அடியில் சேறு சில்லென்று இல்லை. வெதுவெதுவென்று இருந்தது. மென்மையாக இருந்தது. திறந்தது.

பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறது என்று சொன்னதால் அன்றைக்கு விட்டார். பிள்ளை இப்போது இங்கே நிற்கிறாள். இனிமேல் அவரிடம் என்ன சொல்லிக் கேட்பது?